ஜோ தாமஸ்: ஒரு பிளேஆஃப் கூட ஆடாத மகத்தான லைன்மேன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்து பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் தெரியவருவது பந்தை எறிகிறவர், அப்புறம் பிடிக்கிறவர், அப்புறம் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். அவர்களுக்கு முன்னால் நின்று மோதிக்கொண்டிருக்கும் ஐந்து பெரிய ஆட்களை யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. அந்த ஐந்து பேரில் ஒருவராகவே வாழ்ந்து ஓய்வுபெற்ற ஜோ தாமஸைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். ஆட்டம் தெரியாதவர்களுக்கும் புரியும்படி எழுதப் பார்த்திருக்கிறேன்.

யார் இந்த ஜோ தாமஸ்?

விஸ்கான்சின் மாநிலத்தில் புரூக்ஃபீல்டு என்ற ஊர்க்காரர், 1984 டிசம்பர் 4 அன்று பிறந்தவர். 2007இலிருந்து 2017 வரை கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அணிக்கு லெஃப்ட் டேக்கிளாக (முன்வரிசையின் இடது ஓரத்தில் நிற்பவர்) ஆடினார். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் அவர் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரே அணி, அந்த ஒரே இடம், ஒரே 73ஆம் எண் சட்டை. அவருடைய முதல் பத்து சீசனிலும் ஒன்று விடாமல் ப்ரோ பவுலுக்கு (சிறந்த ஆட்டக்காரர்களுக்கான நட்சத்திர ஆட்டம்) தேர்வானார். ஒவ்வொரு இடத்துக்கும் லீகின் மிகச் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-ப்ரோ முதல் அணியில் ஆறு முறை இடம். 2023இல், தகுதி வந்த முதல் வருடமே, மகத்தான ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் கதவு திறந்தது. இவ்வளவு இருந்தும், சீசன் முடிந்ததும் முன்னணி அணிகள் மட்டும் கோப்பைக்காக மோதும் பிளேஆஃப் ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கியதில்லை.

ஆஃபென்சிவ் லைன்மேன் என்றால் என்ன வேலை?

ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து யாரிடம் இருக்கிறதோ அந்த அணி நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். ஒவ்வொரு முயற்சியும் தொடங்குவது ஸ்நாப்பில்: நடுவில் குனிந்திருக்கும் சென்டர் தன் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் கொடுப்பார், அதை வாங்குகிறவர் குவார்ட்டர்பேக். சென்டருக்கு இரண்டு பக்கமும் இரண்டு கார்டு, அதற்கும் வெளியே இரண்டு டேக்கிள். இந்த ஐந்து பேர்தான் ஆஃபென்சிவ் லைன்.

எறிவதற்கான ஆட்டமாக இருந்தால் குவார்ட்டர்பேக்கை எதிரணி நெருங்காமல் சுமார் மூன்று விநாடி தாங்கிப் பிடிக்க வேண்டும். ஓட்டமாக இருந்தால் எதிரில் நிற்பவரைத் தள்ளி ஒரு வழி திறந்துவிட வேண்டும். எதிராளியைக் கையால் இழுத்துப் பிடித்தால் 10 கெஜம் தண்டம். ஸ்நாப்புக்கு முன்னால் கொஞ்சம் அசைந்தாலே 5 கெஜம் போய்விடும். வழக்கமான ஆட்டத்தில் முன்னால் எறியப்படும் பந்தை அவர்கள் பிடிக்கவும் கூடாது. கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பரை நினைத்துப் பாருங்கள், நாள் முழுக்க ஒழுங்காகப் பிடித்தால் யாரும் பேசமாட்டார்கள், ஒன்று நழுவினால் ஊரே பேசும். லைன்மேன் நிலைமையும் அதேதான், கீப்பருக்காவது கேட்ச் கணக்கு எழுதுவார்கள், இவர்களுக்கு அதுவும் கிடையாது.

அதில் லெஃப்ட் டேக்கிளுக்கு மட்டும் ஏன் இத்தனை மரியாதை?

பெரும்பாலான குவார்ட்டர்பேக்குகள் வலது கைக்காரர்கள். எறிய உடம்பைத் திருப்பி நிற்கும்போது இடது பக்கம் அவர்களுடைய முதுகுப் பக்கமாகிவிடுகிறது. அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வருகிறவரை அவர்களால் பார்க்க முடியாது, அடி விழுந்த பிறகுதான் தெரியும். பந்து கைநழுவிப் போவது, தோள் எலும்பு முறிவது, சீசனே முடிந்துபோவது எல்லாம் அப்படி நடப்பதுண்டு. அதனால் எதிரணியின் மிக வேகமான ஆளை அந்தப் பக்கம் நிறுத்துவதும், தன் அணியின் மிகத் திறமையான லைன்மேனை அவருக்கு எதிரே நிறுத்துவதும் வழக்கமாகிவிட்டது. ஒரே பிரிவில் இருக்கும் அணிகள் வருடத்துக்கு இரண்டு தடவை மோதும், தாமஸ் இருந்த பிரிவில் பிட்ஸ்பர்க்கும் பால்டிமோரும் இருந்தன. அதாவது ஒவ்வொரு வருடமும் இரண்டு தடவை பிட்ஸ்பர்க்கின் ஜேம்ஸ் ஹாரிசன், இரண்டு தடவை பால்டிமோரின் டெரல் சக்ஸ். யாருக்கும் தூக்கம் கெடுக்கும் அட்டவணை அது.

கல்லூரிக் காலம் எப்படி?

சொந்த மாநிலத்து விஸ்கான்சின் பல்கலைக்கழகம்தான். முதல் வருடம், டேக்கிளுக்கு வெளியே நிற்கும் டைட் எண்டாகத் தடுப்பு வேலை பார்த்தார், அடுத்த வருடத்திலிருந்து லெஃப்ட் டேக்கிள். குண்டு எறிதலும் உண்டு. 2006 ஜனவரியில் ஆபர்ன் அணிக்கு எதிரான கேப்பிட்டல் ஒன் பவுலில், தடுப்பாட்டத்தில் ஆள் பற்றாக்குறை என்று அவரை டிஃபென்சிவ் எண்டாகவும் (எதிரணிக் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயும் ஓர ஆள்) இறக்கினார்கள். அங்கே வலது முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த வருடமே டிராஃப்டுக்கு (கல்லூரி ஆட்டக்காரர்களை என்.எஃப்.எல். அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) போயிருக்கலாம் என்ற நிலையில் இருந்தவர், கல்லூரிக்கே திரும்பி வந்து கடைசி வருடத்தையும் ஆடினார். 2006இல் அணி 12 வெற்றி, ஒரே தோல்வி. நாட்டின் சிறந்த உள்வரிசை ஆட்டக்காரருக்கான அவுட்லண்ட் கோப்பையும் அவருக்கு வந்தது.

டிராஃப்ட் அன்று மீன் பிடிக்கப் போனது நிஜமா?

நிஜம்தான். 2007 டிராஃப்டுக்கு நியூயார்க் மேடைக்கு வரச்சொல்லி அழைப்பு இருந்தது. கோட்டு சூட்டு போட்டு, கேமரா முன்னால் அணியின் தொப்பியை மாட்டிக்கொள்ளும் அந்தச் சடங்கு அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் படகில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார், பிரவுன்ஸ் மூன்றாவது தேர்வாக எடுத்த செய்தி படகில்தான் வந்து சேர்ந்தது. அவருக்கு முன்னால் போனவர்கள் ஜமார்கஸ் ரஸலும் கால்வின் ஜான்சனும், ஏழாவதாகப் போனவர் ஏட்ரியன் பீட்டர்சன். முதலாவதாகப் போன ரஸல் மூன்றே சீசனில் லீகை விட்டே போய்விட்டார் என்பதைப் பார்த்தால், மூன்றாவது தேர்வில் கிளீவ்லண்டுக்குக் கிடைத்தது எவ்வளவு பெரிய சொத்து என்று புரியும்.

10,363 என்ற எண் என்ன கணக்கு?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும். 2007 சீசனின் முதல் ஆட்டத்தின் முதல் ஸ்நாப்பிலிருந்து 2017 அக்டோபர் 22 வரை, பிரவுன்ஸ் தாக்குதலாட்டம் ஆடிய ஒவ்வொரு ஸ்நாப்பிலும் தாமஸ் களத்தில் இருந்தார். மொத்தம் 10,363. ஒன்றுகூட விடவில்லை. ஸ்நாப் கணக்கை என்.எஃப்.எல். 1999இலிருந்துதான் எழுதிவைக்கிறது, அந்தக் கணக்கில் இதற்குப் பக்கத்தில் வருவதே பெரிய விஷயம்.

தொடர்ந்து இத்தனை ஆட்டம் ஆடினார் என்பது வேறு, தொடர்ந்து இத்தனை ஸ்நாப் ஆடினார் என்பது முற்றிலும் வேறு. ஆட்டக் கணக்கில், தொடக்கத்தில் நின்றுவிட்டுக் கணுக்கால் சுளுக்கி வெளியே போனாலும் அன்றைய ஆட்டம் சேர்ந்துவிடும். ஸ்நாப் கணக்கில் அந்தச் சலுகை கிடையாது. ஷூ லேஸ் அறுந்து ஒரு நிமிடம் ஓரத்துக்குப் போனாலே சங்கிலி அறுந்துபோகும். கண்ணில் விரல் குத்தி நீர் வழிந்தாலும், யாராவது காலில் விழுந்து புரண்டாலும், எழுந்து அடுத்த 30, 40 விநாடிக்குள் வரிசையில் நிற்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது: அணி முப்பது புள்ளி பின்தங்கித் தோல்வி உறுதியான பிறகு நட்சத்திரங்களை வெளியே உட்கார வைப்பது இந்த ஆட்டத்தில் சகஜம். பிரவுன்ஸ் அந்தப் பத்து வருடத்தில் எத்தனை ஆட்டத்தை அப்படித் தோற்றது என்று பாருங்கள், அதில் ஒன்றில்கூட அவர் வெளியே வந்து உட்காரவில்லை. எனக்கு அவருடைய விருதுகள் எல்லாவற்றையும்விட இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

அப்படியென்றால் அவருக்குக் காயமே படவில்லையா?

பட்டது, நிறையவே. முழங்கால் தசைநார்கள், கணுக்கால், முதுகு எல்லாம் சேதமானபடியே ஆடியிருக்கிறார். கடைசி வருடங்களில் மூட்டுத் தேய்மானம் முற்றி, வாரத்தின் நடுவில் பயிற்சிக்கு ஓய்வு கொடுத்து ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அவரைத் தயார்செய்தார்கள். இதை வீரக்கதையாக மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அடிபட்ட முழங்காலோடு ஆடியதற்கான விலையை அந்த முழங்கால்தான் இன்றைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

பிரவுன்ஸ் அவ்வளவு மோசமான அணியா?

ஆமாம். தாமஸ் ஆடிய 167 ஆட்டத்தில் வெற்றி 48, தோல்வி 119.

இதில் வேதனை என்னவென்றால் தொடக்கம் நன்றாகவே இருந்தது. 2007இல் முதல் ஆட்டம் பிட்ஸ்பர்க்கிடம் 34-7 என்று அடி வாங்கி, இரண்டே நாளில் குவார்ட்டர்பேக் சார்லி ஃபிரையை வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் டெரக் ஆண்டர்சன் வந்து சின்சினாட்டியை 51-45 என்று ஜெயித்தார். அந்தச் சீசன் 10 வெற்றி 6 தோல்வியில் முடிந்தது. கடைசிக்கு முந்தைய வாரம் சின்சினாட்டியிடம் 19-14 என்று தோற்காமல் இருந்திருந்தால் பிளேஆஃபில் இருந்திருப்பார்கள். தோற்றதால் டென்னசியின் கடைசி ஆட்டத்தை எதிர்பார்த்து உட்கார வேண்டியதாயிற்று, முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுத்த இண்டியனாபொலிசை டென்னசி ஜெயிக்க, அதே 10-6 கணக்கோடு டென்னசி உள்ளே போனது. புதுமுகமாக இருந்த தாமஸுக்கு அப்போது அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றியிருக்கும். அவர் காலத்தில் அந்த அணி அதற்குப் பிறகு 10 வெற்றியைத் தொடவேயில்லை, அதிகபட்சம் 2014இல் வந்த 7.

ஆறு தலைமைப் பயிற்சியாளர்கள் மாறினார்கள்: ரோமியோ கிரெனல், எரிக் மஞ்சீனி, பேட் ஷர்மர், ராப் சட்ஜின்ஸ்கி, மைக் பெட்டைன், ஹியூ ஜாக்சன். ஒவ்வொருவரும் வந்து பழைய ஆட்டமுறையைத் தூக்கிப்போட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள். தாமஸுக்குப் பின்னால் நின்று ஆட்டத்தைத் தொடங்கிய குவார்ட்டர்பேக்குகள் 20 பேர். ஃபிரை, ஆண்டர்சன், பிரேடி குவின், கோல்ட் மெக்காய், பிராண்டன் வீடன், பிரையன் ஹாயர், ஜானி மான்சல், ஜோஷ் மெக்கௌன், ராபர்ட் கிரிஃபின், டிஷோன் கைசர் என்று பட்டியல் நீள்கிறது. ஒரு லைன்மேனுக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஒருவர் பின்னால் ஏழு கெஜத்தில் நிற்பார், ஒருவர் ஒன்பது கெஜத்துக்குப் போவார், மான்சல் மாதிரி ஒருவர் எங்கே ஓடுவார் என்று அவருக்கே தெரியாது. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற தாமஸுக்கு, தான் காக்கிற ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்க்க முடியாது, பழக்கத்தில் ஊகிக்க வேண்டும். அந்தப் பழக்கம் உருவாகும் முன்பே ஆள் மாறிவிடுவார்.

2016இல் ஒரே ஒரு வெற்றி, டிசம்பர் 24 அன்று சான் டியாகோவுக்கு எதிராக 20-17. அடுத்த வருடம் 16 ஆட்டமும் தோல்வி.

பிறகு ஏன் அவர் வேறு அணிக்குப் போகவில்லை?

போவதற்கான சந்தர்ப்பம் ஒன்று கைக்கெட்டும் தூரம் வரை வந்தது. 2015இல் டென்வர் அணியின் லெஃப்ட் டேக்கிள் ரயன் கிளேடிக்கு சீசன் தொடங்கும் முன்பே முழங்கால் போய்விட்டது. நவம்பர் தொடக்கத்தில், வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான கடைசி நாளில், தாமஸை வாங்க டென்வர் பேசியது. விலை படியவில்லை, நேரம் முடிந்தது, அவர் கிளீவ்லண்டிலேயே இருந்தார். மூன்று மாதம் கழித்து, 2016 பிப்ரவரி 7 அன்று, டென்வர் 50ஆவது சூப்பர் பவுலை (லீகின் இறுதிப் போட்டி) 24-10 என்று ஜெயித்தது.

அவர் அணியை விட்டுப் போகிறேன் என்று பொதுவெளியில் கேட்டதில்லை. கிளீவ்லண்ட் ஜெயிக்கும்போது தானும் அங்கே இருக்க வேண்டும் என்பதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். சிலர் இதை ஏமாளித்தனம் என்கிறார்கள். அப்படிச் சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. 1995 சீசன் முடிந்ததும் அணியையே பால்டிமோருக்குப் பறிகொடுத்து, மூன்று வருடம் அணியில்லாமல் இருந்து, 1999இல் திரும்பப் பெற்ற ஊர் அது. அந்த ஊர்க்காரர்கள் பனியில் உட்கார்ந்து தோல்வியைப் பார்க்க வருகிறார்கள், அவர்களுக்கு நம்பிப் பார்க்க ஒரே ஒரு ஆளாவது இருந்தார் என்றால் அது இவர்தான்.

புள்ளிவிவரமே இல்லாத வேலையில் அவர் நல்லவர் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கொஞ்சம் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்தையும் திரும்பப் பார்த்து மதிப்பெண் போடும் ப்ரோ ஃபுட்பால் ஃபோகஸ் கணக்குப்படி, எறிதலுக்காக அவர் தடுத்த 6,680 முறையில் அவர் கைதவறிக் குவார்ட்டர்பேக் வீழ்த்தப்பட்டது 30 முறை. பதினொரு சீசனுக்கு முப்பது. சில டேக்கிள்கள் மூன்றே வருடத்தில் அதைக் கொடுத்துவிடுவார்கள்.

ஓட்டத்திலும் பார்க்கலாம். 2007இல் ஜமால் லூயிஸ் 1,304 கெஜம் ஓடினார். 2009 டிசம்பர் 20 அன்று கான்சஸ் சிட்டிக்கு எதிராக ஜெரோம் ஹாரிசன் ஒரே ஆட்டத்தில் 286 கெஜம் ஓடினார். அது அந்தத் தேதிவரை லீக் வரலாற்றில் மூன்றாவது பெரிய ஓட்டம். பெயர் ஹாரிசனுக்குத்தான் போகும், போகட்டும், ஆனால் அந்த ஒளிப்பதிவில் இடது பக்கம் எத்தனை அகலமாகத் திறந்திருக்கிறது என்று பாருங்கள்.

ஆனால் உண்மையான பதில் அவருடைய காலிலும் கையிலும் இருக்கிறது. டேக்கிளுக்கு 34 அங்குலக் கை வேண்டும் என்று அணிகள் தேடும், தாமஸுக்கு 32.5தான். அந்தக் குறையை அவர் காலால் ஈடுகட்டினார். ஸ்நாப் ஆனதும் வெளிக்காலைப் பின்னுக்கு உதைத்து உதைத்து நகர்வார், இடுப்பு தாழ்ந்தே இருக்கும், தலை முன்னால் சாயாது. எதிராளி வளைந்து ஓடி முதுகுப் பக்கம் போகப் பார்த்தால் அவருக்கு முன்பே இவர் அங்கே இருப்பார், சட்டென்று உள்ளே திரும்பினால் அங்கேயும் இருப்பார். ஒரே மாதிரி எழும்பவும் மாட்டார். ஒரு தடவை ஆழமாகப் பின்வாங்குவார், அடுத்த தடவை பந்து அசைந்ததுமே முன்னால் பாய்ந்து கையைப் போட்டுவிடுவார். எதிராளி வாரம் முழுக்க ஒளிப்பதிவு பார்த்துத் தயாரித்த திட்டம் முதல் கால்பகுதியிலேயே குழம்பிப்போகும். இத்தனைக்கும் பார்க்கிறவருக்கு எதுவும் நடக்காத மாதிரி இருக்கும், இரண்டு பெரிய ஆட்கள் பக்கத்தில் பக்கத்தில் நகர்ந்துபோகிற மாதிரி. அப்படித் தெரிவதுதான் அந்த வேலையின் உச்சம்.

முடிவு எப்படி வந்தது?

2017 அக்டோபர் 22, எதிரணி டென்னசி. மூன்றாவது கால்பகுதியில் ஒரு சாதாரண ஓட்டத்தில் தடுத்துக்கொண்டிருந்தபோது இடது கையின் டிரைசெப்ஸ் தசை கிழிந்தது. கையைப் பிடித்தபடி தரையில் கிடந்தார். களத்தை விட்டு நடந்து போனபோதுதான் பலருக்கும் அந்த எண் நினைவுக்கு வந்தது. அன்றும் தோல்விதான், கூடுதல் நேரத்தில் 12-9. 2018 மார்ச் 14 அன்று ஓய்வை அறிவித்தார், வயது 33.

ஓய்வுக்குப் பிறகு ஆளே மாறிப்போனாரே, எப்படி?

ஆடும்போது 6 அடி 6 அங்குலம், 140 கிலோவுக்குக் கிட்டத்தட்ட. அது அவருடைய இயல்பான உடம்பு அல்ல, எதிராளி தள்ளும்போது நிற்பதற்காகப் பசியில்லாமலும் தின்று தின்று பிடித்துவைத்த எடை. ஓய்வுபெற்றதும் அந்தக் கட்டாயம் போனது, மாவுச்சத்தைக் குறைத்து, நீச்சல், சைக்கிள், யோகா என்று போய் சில மாதத்தில் 20 கிலோவுக்கு மேல் குறைத்தார். வயிற்றுக் கட்டுகள் தெரிகிற அவருடைய படங்கள் பரவலாகச் சுற்றின. பல லைன்மேன்களுக்கு ஓய்வுக்குப் பிறகு எடை குறையாமல் இதயமும் சர்க்கரையும் பிரச்சினையாகிவிடுவதால், இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல.

தலையில் படும் அடியைப் பற்றி அவர் பேசியிருக்கிறாரா?

பேசியிருக்கிறார். ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே ஞாபக மறதி தொடங்கிவிட்டதாக 2017இல் வெளிப்படையாகச் சொன்னார். லைன்மேன்களுக்குப் பெரிய மோதல் ஒன்றிரண்டால் வருவதல்ல இந்த ஆபத்து, ஒவ்வொரு ஸ்நாப்பிலும் சின்னச் சின்னதாகத் தலை அடிபடுவதால் சேர்வது. மூளைச் சிதைவு நோயான சி.டி.இ. முதன்முதலில் கண்டறியப்பட்ட என்.எஃப்.எல். வீரர் பிட்ஸ்பர்க்கின் மைக் வெப்ஸ்டர், 2002இல் இறந்தவர், அவரும் ஆஃபென்சிவ் லைன்மேன்தான், சென்டர். 10,363 என்ற எண்ணைக் கொண்டாடும்போது அத்தனை மோதல்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிளேஆஃப் ஆடாதவரை ஹால் ஆஃப் ஃபேமில் எப்படிச் சேர்த்தார்கள்?

அவருக்கு முன்பும் உண்டு. சிகாகோவின் டிக் பட்கஸ், கேல் சேயர்ஸ் இருவரும் பிளேஆஃப் ஆடாதவர்கள். 2023 ஆகஸ்ட் 5 அன்று ஓஹையோவின் கேன்டனில் தாமஸைச் சேர்த்தார்கள். கிளீவ்லண்டிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணம் என்பதால் ஆரஞ்சும் பழுப்புமாக ஊரே அங்கே வந்திருந்தது. அதற்கும் முன்னால், 2018 செப்டம்பர் 20 அன்று, நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் இடைவேளையில் 10,363 என்ற எண்ணை மைதானத்தின் கௌரவ வளையத்தில் திறந்துவைத்தார்கள். பிரவுன்ஸ் 2016 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளுக்குப் பிறகு ஜெயிக்காமல் இருந்த அணி. அன்று இரவு புதுமுகக் குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டு ஆட்டத்தின் நடுவில் உள்ளே வந்து 21-17 என்று ஜெயித்துக்கொடுத்தார்.

எல்லாக் காலத்துக்கும் சிறந்த லெஃப்ட் டேக்கிள் இவர்தானா?

என் பார்வையில் அந்த இடம் இன்னும் சின்சினாட்டியின் ஆண்டனி முன்யோசுக்குத்தான், 11 ப்ரோ பவுல், அவர் அணி இரண்டு சூப்பர் பவுல் வரை போனது. ஜானதன் ஆக்டன், வால்டர் ஜோன்ஸ் இருவரையும் பலர் சொல்வார்கள், ஓட்டத் தடுப்பில் அவர்கள் தாமஸைவிட முரட்டு பலம் கொண்டவர்கள். எறிதலைக் காப்பதில் மட்டும் என்றால் நான் தாமஸைத்தான் முதலில் வைப்பேன்.

ஆட்டத்தை விட்ட பிறகு என்ன செய்தார்?

என்.எஃப்.எல். நெட்வொர்க் தொலைக்காட்சியில் ஆட்ட விளக்கம் சொன்னார். முன்னாள் அணித்தோழர் ஆண்ட்ரூ ஹாக்கின்ஸுடன் சேர்ந்து ஒரு பாட்காஸ்டும் நடத்தினார். லைன் ஆட்டத்தை அவர் விளக்கிப் பேசும் ஒளிப்பதிவுகள் கிடைத்தால் விடாதீர்கள்.

அவருடைய பழைய ஆட்டம் பார்க்க எங்கிருந்து தொடங்கலாம்?

2014 சீசனில் ஏதாவது பிட்ஸ்பர்க் அல்லது பால்டிமோர் ஆட்டத்தை எடுங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், கஷ்டமாகத்தான் இருக்கும், கண் தானாகவே அந்தப் பக்கம் போகும். சென்டரிலிருந்து இடது பக்கம் எண்ணினால் இரண்டாவது ஆள், 73. ஒவ்வொரு ஸ்நாப்பிலும் அவருடைய முதல் இரண்டு காலடியை மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள். முதல் கால்பகுதி முடிவதற்குள், எந்த முயற்சியில் எறியப்போகிறார்கள், எதில் ஓடப்போகிறார்கள் என்று அந்தக் காலடியை வைத்தே சொல்லத் தொடங்கிவிடுவீர்கள்.